நம் மாவட்டத்தைப் பிள்ளைகளே எழுதட்டும்: பள்ளியில் கேட்கும் ‘சுற்றுலா ப்ரோஷர்’ பற்றி



விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நமதூர் ஜெராக்ஸ் கடைகளில் அஸருக்குப் பிறகு போய்ப் பாருங்கள். ஒரு உம்மா, கையில் ஒரு பிள்ளை. “தம்பி, ஸ்கூல்ல டூரிஸ்ட் ப்ரோஷர் கேட்டிருக்காங்க. ராமநாதபுரம் மாவட்டம். நாளைக்கே வேணுமாம். நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க” என்பார். கடைத் தம்பியும் பாவம், கூட்டத்துக்கு நடுவே கம்ப்யூட்டரில் எதையோ தேடி நாலு கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். அறுபதோ எண்பதோ ரூபாய். அதற்குள் பிள்ளை வாசலில் நின்று போகிற வருகிற ஆட்டோவை எண்ணி முடித்திருக்கும்.

போன வருடம் அப்படி எடுத்த ஒன்றை ஒரு வீட்டில் காட்டினார்கள். அட்டையில் பாம்பன் பாலம். உள்ளே ‘அரியமான் கடற்கரை’ என்று ஒரு படம்: கண்ணாடி போன்ற நீலத் தண்ணீர், அதன்மேல் மரக்கால்களில் நிற்கும் குடில்கள். மாலத்தீவாக இருக்க வேண்டும். அரியமானுக்கு நாம் எத்தனை பெருநாள் மாலை போயிருப்போம்! அந்தப் பிள்ளையும் போயிருக்கிறது. ஆனாலும் தாளில் ஒட்டியிருந்த படத்தை அது சந்தேகிக்கவில்லை. தான் பார்த்த கடலைவிட அச்சில் வந்த கடலை நம்பிவிட்டது. இதை எழுத வைத்தது அந்தப் படம்தான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவன். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். இந்த வேலையைப் பிள்ளைகள் எப்படிச் செய்யலாம், வீட்டில் நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆசிரியர் எதற்காகக் கேட்கிறார்?

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலில் வட்டம் மெல்ல விரிகிறது. தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று. “இம்மாவட்டத்தின் வடக்கே சிவகங்கையும் புதுக்கோட்டையும், மேற்கே விருதுநகர், தென்மேற்கே தூத்துக்குடி” என்று மனப்பாடம் செய்துவிடலாம். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தும் விடலாம். ப்ரோஷர் எழுதச் சொன்னால் அப்படி முடியாது. கடலையே பார்த்திராத கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று நம் மாவட்டத்துக்கு வருவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கே இருக்கிறது, எப்படி வருவது, எந்த மாதம் வரலாம், என்ன பார்க்கலாம், அது ஏன் இங்கே இருக்கிறது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதில் ‘ஏன் இங்கே’ என்ற கேள்விதான் புவியியல். மற்றவை தகவல்.

உதாரணத்துக்கு மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “சார், நம்மளச் சுத்தி இவ்ளோ கடல் இருக்கு. பிறகு ஏன் மழை இல்ல?” பெரியவர்களிலும் பலர் கேட்காத கேள்வி. ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. நமக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று தருவதுதான் பெரும்பங்கு. பக்கத்தில் கடல் இருப்பது மட்டும் போதாது, காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி ஈரத்தோடு வரவும் வேண்டும். அதனால் மூன்று மாதத்தில் விழுவதைப் பிடித்து வருடம் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னோர் கண்மாய் வெட்டினார்கள்.

இந்த ஒரு கேள்வியிலிருந்தே ப்ரோஷரின் பாதி வந்துவிடும். கண்மாய்கள் சங்கிலியாக இருக்கின்றன. மேலே உள்ளது நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழே உள்ளதை நிறைக்கும். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்கள், நாரையே ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்று. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கி.மீ. ஓடிவரும் வைகை, மற்ற ஆறுகளைப் போல நேரே கடலில் போய் விழுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் புகுந்துவிடுகிறது. அதில் மிஞ்சினால்தான் ஆற்றங்கரைப் பக்கம் பாக் நீரிணையை எட்டும். கண்மாயில் தண்ணீர் நின்றால் பறவை வரும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று பொருள். அவை இரண்டுமே மழைநீர்க் கண்மாய்கள்தான். ‘பறவை பார்க்க எந்த மாதம் வரலாம்?’ என்ற கேள்விக்கு, மழை தெரிந்த பிள்ளை தானாகவே விடை சொல்லும்.

இன்னொன்று. நம் குழாயில் வரும் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். “மோட்டார்லேர்ந்து” என்றது ஒன்று. “டேங்க்லேர்ந்து” என்றது இன்னொன்று. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, குழாய் வழியாகப் புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி நமக்கு வருகிறது, அதற்குத்தான் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பெயர் என்றதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒரு சிறுமி எழுந்துபோய் சுவரில் இருந்த வரைபடத்தில் திருச்சியையும் கீழக்கரையையும் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்த தூரத்தை நான் பாடமாக நடத்தியிருந்தால் அவளுக்கு ஏறியிருக்காது.

வரைபடத்தைக் கையில் கொடுங்கள்

வேலை தொடங்கும்போது முதலில் வாங்க வேண்டியது மாவட்ட வரைபடம். புத்தகக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதைத் தரையில் விரித்து, வடக்கு எது என்று பார்த்து, வீட்டின் வடக்கோடு சேர்த்து வையுங்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கிருந்து அது மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. அதை வைத்தே மற்றத் திசைகளைப் பிடித்துவிடுவார்கள்.

பிறகு தூரம். வரைபடத்தின் ஓரத்தில் அளவை போட்டிருக்கும். 1 செ.மீ. என்றால் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலை வைத்து ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் ஒரு கணக்கு வரும். பஸ் அப்படிப் போகாது. தையல் நூலை எடுத்துச் சாலை வளைகிற மாதிரியே வளைத்து வைத்து, பிறகு நூலை நிமிர்த்தி அளக்கச் சொல்லுங்கள். ஐந்தரை செ.மீ. வந்தால் 55 கி.மீ. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது மைல்கல்லைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். நம் ஊரில் ரயில் நிலையம் இல்லை, இறங்க வேண்டியது ராமநாதபுரத்தில், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 17 கி.மீ. என்பதையும் வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்ததால் எழுத மறந்துவிடுகிற தகவல் இதுதான்.

வரைபடத்தில் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடிப்பது, நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பது. கிழக்கிலும் வடகிழக்கிலும் பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று சாந்தமானது, ஒன்று சீறுவது. தனுஷ்கோடி போகிற சாலையில் நின்றால் இரண்டையும் இடமும் வலமுமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மிக நீளமான கடற்கரை நம் மாவட்டத்துக்குத்தான். இதை எழுதும்போது பிள்ளைகளுக்கு ஒரு நிமிர்வு வருகிறது, வரட்டும்.

அடுத்தது தீவுகள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21ல் 7 தீவுகள் ‘கீழக்கரைக் குழு’ என்றே பதிவாகியுள்ளன: முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். வகுப்பில் ‘அப்பா தீவு’ என்றதும் சிரிப்பு நிற்க ஐந்து நிமிடம் ஆனது. பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் மூழ்கிவிட்டது என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. “தீவு எப்படி சார் மூழ்கும்?” தீவைச் சுற்றி இருந்த பவளப்பாறை அலையின் வேகத்தைத் தடுத்து நின்றது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அந்தப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அரண் போனபின் மணலை அலை அரித்துக்கொண்டு போனது. கடல் மட்டம் உயர்வதும் சேர்ந்துகொண்டது. நம் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரை உற்றுப் பாருங்கள், துளைத் துளையான கல் தெரியும். பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறை சொல்வதற்காக அல்ல. அன்று அது சட்டத்துக்கு விரோதமும் அல்ல. எதிலிருந்து எது வந்தது என்று தெரியட்டும்.

பழைய தகவலும் பொய்த் தகவலும்

பிரிண்ட் எடுத்த ப்ரோஷரில் ஒரு வரி இருந்தது: பாம்பன் பாலம் கப்பல் வரும்போது நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும். நாம் எல்லோரும் பார்த்ததுதான். அந்தப் பாலம் 1914 பிப்ரவரி 24ல் திறந்தது, இரண்டு கி.மீ.க்குச் சற்று அதிக நீளம். ஆனால் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6ல் திறந்தார்கள். இதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிவதில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டு அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே போகும். வெளியூர்க்காரர் பழைய தகவலை நம்பி வந்து நின்றால் ஏமாறுவார். ஆக, பிள்ளை எந்தத் தகவலை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள்: இதை எந்த வருடம் எழுதினார்கள்?

மக்கள்தொகையும் அப்படித்தான். 13.5 லட்சம் என்பது 2011 கணக்கு. ‘2011 கணக்கெடுப்பின்படி’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் அது உண்மை. சேர்க்காவிட்டால் அரை உண்மை. மாவட்டத்தின் பரப்பைத் தேடினால் இன்னும் குழப்பம். 1910ல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985ல் மூன்றாகப் பிரிந்து, சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. பழைய புத்தகத்தில் காரைக்குடியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நம் மாவட்டம் என்றே இருக்கும். புத்தகம் பொய் சொல்லவில்லை, அது எழுதப்பட்ட காலம் வேறு.

பள்ளிவாசலைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் எல்லோரும் ஆசையாக எழுதுவது பழைய பள்ளியைப் பற்றி. எத்தனை நூற்றாண்டு என்று தேடினால் ஆளுக்கொரு கணக்கு வரும். பிள்ளை என்ன செய்வது? கண்ணால் பார்ப்பதை உறுதியாக எழுதட்டும்: கல் தூண்கள், அவற்றில் செதுக்கிய பூவேலை, தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணம். காதால் கேட்டதை ‘ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று எழுதட்டும். பத்து வயதில் இந்த வித்தியாசத்தைப் பழகிய பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடாது.

ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு இங்கிலீஷ் தேதி போட்ட ஒரு ப்ரோஷரையும் பார்த்தேன். பிறை கணக்கில் வருவது சூரியக் கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். மாதத்தின் பெயரை மட்டும் போட்டு, ‘வருமுன் விசாரித்துக்கொள்ளவும்’ என்று எழுதச் சொன்னேன்.

வீட்டில் இருக்கும் நூலகம்

எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடைக்காதது நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. ஆனால் கேட்கும் விதம் வேண்டும். “உம்மம்மா, பழைய காலத்தப் பத்திச் சொல்லுங்க” என்று பிள்ளை போய் நின்றால், “என்னத்தச் சொல்ல, அப்பல்லாம் நல்லாயிருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். அதையே, “உங்க வாப்பா கொழும்புக்கு எப்படிப் போனாங்க? எங்க கப்பல் ஏறினாங்க? சாப்பாட்டுக்கு என்ன கட்டிக் குடுத்தீங்க?” என்று கேட்கட்டும். கதை தானாக வரும்.

நமதூரிலும் பக்கத்து ஊர்களிலும் இலங்கையில் வியாபாரம் செய்யாத பழைய குடும்பம் குறைவு. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடும். அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 1914ல் தொடங்கிய வழி அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதிலிருந்த நூறு பேருக்கு மேல் மவுத்தானார்கள். அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றுபோனது. அந்தப் புயலின்போது ஏழு வயதாக இருந்தவருக்கு இன்று அறுபத்தெட்டைத் தாண்டிவிட்டது. கண்ணால் பார்த்ததைச் சொல்ல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை விடுங்கள், உம்மம்மாவின் குரலைப் போனில் ஒரு பத்து நிமிடம் பதிந்து வையுங்கள்.

பெரியவர் சொல்வதிலும் வருடம் முன்னே பின்னே இருக்கும். அதைத் திருத்திப் பேச்சை முறிக்க வேண்டாம். பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வெளியேயும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சங்கு எடுப்பவர், பனை ஏறுபவர், கரிமூட்டம் போடுபவர், மிளகாய் வியாபாரி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘ஏன் இங்கே’ என்று கேட்டால் மிளகாய் வியாபாரியே சொல்லிவிடுவார்: மானாவாரி நிலம், குறைந்த மழை, காய வைக்க நல்ல வெயில். நாம் குறையாக நினைக்கிற வெயில்தான் அந்தச் சிவப்பு உருண்டையின் முதல். வாலிநோக்கத்து உப்பளமும் கமுதியில் 2016ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அதே வெயிலில்தான் ஓடுகின்றன.

இங்கே பெற்றோரிடம் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த விசாரிப்புக்கெல்லாம் வாப்பாவோடு பைக்கில் போவது ஆண்பிள்ளை. பெண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து ஓரத்துக்குப் பூ வரைந்து கலர் அடிக்கிறாள். எழுத்து அழகாக இருக்கும், கண்மாயைப் பார்த்திருக்க மாட்டாள். பத்து வயதுப் பிள்ளை உம்மாவோடோ ராத்தாவோடோ ஒரு மாலை கண்மாய்க்கரைக்குப் போய்வருவதில் என்ன தடை? காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே படகு விடுகிறது. குடும்பத்தோடு போகலாம், பெண்பிள்ளையைப் படகின் முன்பக்கம் உட்கார வையுங்கள்.

எழுதக்கூடாதவை

ப்ரோஷரில் ‘நினைவாகப் பவளத் துண்டு எடுத்துச் செல்லலாம்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது, எங்கோ படித்து. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. வைத்திருந்தாலே வழக்கு. 2001ல் இந்தத் தடை வந்தபோது கடல் அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் பட்ட பாடு தனிக் கதை, இன்றும் அதில் வழக்கில் மாட்டுகிற இளைஞர்கள் உண்டு. தீவுகளிலும் நினைத்தபடி இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும்.

தனுஷ்கோடியும் அப்படி. 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. ‘குளிக்க ஏற்ற இடம்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இரண்டு கடலும் கலக்கும் இடத்தில் நீரோட்டம் காலை வாரும். வகுப்பறைக்குள் முடிகிற தாள்தானே என்று நினைக்காதீர்கள். சென்ற வருடம் ஒரு பிள்ளை செய்ததைப் போட்டோ எடுத்து அதன் காக்கா துபாய்க்கு அனுப்ப, அவர் அறைத்தோழர்கள் அதைப் பார்த்தே லீவில் ராமேஸ்வரம் வந்து போனார்கள்.

தாளை மடிப்பது

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து மூன்றாக மடித்தால் ஆறு பக்கம் கிடைக்கும். பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டு மடிப்பார்கள். அட்டை உள்ளே போய்விடும், அழுகை வரும். முதலில் மடித்து, மூடிய நிலையில் பென்சிலால் 1 முதல் 6 வரை எண் போட்டு, பிறகு விரித்து எழுதட்டும். விரித்தால் அட்டைப் பக்கம் வெளிப்புறத்தில் வலது ஓரம் இருக்கும், பின்பக்கம் நடுவில். உள்ளே மடியும் இடது ஓரப் பக்கத்தில் ‘எப்படி வருவது’ போட்டால் திறந்ததும் கண்ணில் படும். உள்பக்கம் மூன்றும் அவர்கள் விருப்பம். பின்பக்கம் கையால் வரைந்த வரைபடமும் எச்சரிக்கைகளும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். மொத்தச் செலவு பத்து ரூபாய்க்குள் அடங்கும்.

வாசகம் யாருடையது என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். புத்தகத்தையோ போனையோ திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது காப்பி. படிக்கட்டும், மூடி வைக்கட்டும், உங்களிடம் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். இப்போது போனில் கேட்டால் ப்ரோஷர் முழுவதையும் அதுவே எழுதித் தருகிறது. அது தந்ததிலும் இதே பரீட்சைதான்: மூடிவிட்டு உம்மாவிடம் சொல்லிக் காட்டு.

பல உம்மாமார் என்னிடம் சொல்வது: “பிள்ளை இங்கிலீஷ் மீடியம் சார். எனக்கு ஒண்ணும் புரியாது, நான் எங்க உதவுறது?” உங்களுக்கு வைகை தெரியும், கண்மாய் தெரியும், முண்டு மிளகாயின் விலை தெரியும். பிள்ளை தமிழில் உங்களிடம் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாத இடத்தில் “அது ஏன்?” என்று கேளுங்கள். அதற்கு விடை தேடிவிட்டுப் பிறகு இங்கிலீஷில் எழுதட்டும். தமிழில் சொல்லத் தெரியாததை இங்கிலீஷில் எழுதினால் அது அதற்கும் தெரியாது என்று பொருள். நீங்கள் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று, பேனாவை வாங்கி நீங்களே எழுதுவது.

மதிப்பெண் விஷயம். என் பேரன் இப்படித்தான் கையால் செய்துகொண்டு போனான். கோடு கோணல்தான், ஒரு எழுத்துப்பிழையும் இருந்தது. அவனுக்கு ஆறு. பக்கத்துப் பையனின் கலர் பிரிண்டுக்கு ஒன்பது. வீட்டுக்கு வந்து தாளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். நான் பள்ளிக்குப் போய், மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் “தீவு ஏன் மூழ்கியது?” என்று கேட்டுப் பார்க்கும்படி ஆசிரியையிடம் சொன்னேன். அவர் நல்ல மனதோடு கேட்டார். அடுத்த பருவத்திலிருந்து அந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ப்ரோஷரைக் கையில் பிடித்து இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துவிட்டார். பேரனின் ஆறு ஆறாகவே இருக்கிறது. ஆசிரியர்களாக இருக்கும் சகோதரிகள் இதைப் படித்தால், அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் வகுப்பிலும் யோசித்துப் பாருங்கள். நாற்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் நேரம் எங்கே என்பீர்கள். தெரியும். ஒரு நாளைக்கு நாலு பேர் என்றால் பத்து நாள்.

வரைபடத்தில் திருச்சியையும் கீழக்கரையையும் விரலால் தொட்ட அந்தச் சிறுமி தன் ப்ரோஷரைப் போன வாரம் முடித்தாள். அட்டையில் பாலமும் இல்லை, கடலும் இல்லை. ஒரு குழாய், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் குடம். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: “எங்கள் ஊருக்கு வாருங்கள். டிசம்பரில் வந்தால் கண்மாய் நிறைந்திருக்கும். மே மாதம் வந்தால் நுங்கு கிடைக்கும். குடிக்கத் தருகிற தண்ணீரை மிச்சம் வைக்காதீர்கள், அது காவிரியிலிருந்து வருகிறது.”